அரிசிச் சமையலறையில் சீலியாக்: முதல் மாதத்து வேலைகள்

"நாம சோறும் இட்லியும் சாப்பிடுற வீடுதானே, பரோட்டாவையும் சப்பாத்தியையும் விட்டுட்டாப் போதாதா?" சீலியாக் நோய் என்று டாக்டர் சொன்னதும் வீட்டில் முதலில் எழும் கேள்வி இதுதான். போதாது. பரோட்டா கண்ணுக்குத் தெரிகிறது. வேண்டாமென்று தட்டை நகர்த்திவிடலாம். ரசத்தில் கரைந்த பெருங்காயத்தோடு வந்த மைதா தெரியாது. மில்லில் உங்களுக்கு முன்னால் நின்றவர் அரைத்த கோதுமை உங்கள் அரிசி மாவில் கலந்ததும் தெரியாது. நம் ஊர்ச் சமையலறையில் இந்த நோயோடு நடக்கும் போராட்டம் பெரும்பாலும் சிட்டிகைக் கணக்கில்தான். அந்தச் சிட்டிகைகளைத் தேடிப் பிடிப்பதுதான் இந்த அத்தியாயத்தின் வேலை.

நோயைப் பற்றி, தேவையான அளவுக்கு

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் குளூட்டன் என்ற புரதம் இருக்கிறது. சீலியாக் உள்ளவர் அதைச் சாப்பிட்டால், உடலின் எதிர்ப்புச் சக்தி சொந்தச் சிறுகுடலையே தாக்குகிறது. சத்தை உறிஞ்சும் குடலுறிஞ்சிகள் தேய்ந்து தட்டையாகின்றன. வயிற்றுப்போக்கு, உப்புசம், எடைக் குறைவு இதனால் வருபவை. வயிற்றில் ஒரு தொல்லையும் இல்லாமல் தீராத ரத்தசோகை, எலும்புத் தேய்மானம், வாய்ப்புண், குழந்தை வளராமல் நிற்பது, கருத்தரிப்பதில் சிக்கல் என்று மட்டும் காட்டுவதும் உண்டு. கோதுமைதான் காரணம் என்று நெதர்லாந்துக் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே 1950-ல் தன் ஆய்வேட்டில் காட்டினார். அன்று முதல் இன்று வரை சிகிச்சை ஒன்றே: குளூட்டனை வாழ்நாள் முழுக்க விலக்குவது.

எவ்வளவு குளூட்டன் கெடுதல்? ஒரு நாளைக்கு 10 மில்லிகிராமுக்குள் இருந்தால் பெரும்பாலோரின் குடல் தாங்கிக்கொள்கிறது. தினமும் 50 மில்லிகிராம் போனால் குடல் மறுபடி கெடத் தொடங்குகிறது. ஒரே ஒரு பிரெட் துண்டில் சுமார் 2,000 மில்லிகிராம் இருக்கும். "ஒரு வாய்தானே" என்று யாராவது ஊட்ட வந்தால் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்.

சோதனை முடியாமல் கோதுமையை நிறுத்தாதீர்கள்

பலரும் சறுக்கும் இடம் இது. வயிறு சரியில்லை என்று தாங்களாகவே கோதுமையை விட்டுவிடுகிறார்கள். கொஞ்சம் சுகமானதும் சோதனைக்குப் போகிறார்கள். ரத்தத்தில் அதற்குள் எதிர்ப்பொருள் குறைந்திருக்கும். முடிவு 'இல்லை' என்று வரும். வரிசை இப்படி இருக்கட்டும்:

1. குடல் இரைப்பை நிபுணரைப் பாருங்கள். வாரத்துக்கு எத்தனை வேளை கோதுமை, மைதா, ரவை சாப்பிடுகிறீர்கள் என்று முதலிலேயே சொல்லுங்கள். சப்பாத்தியே சாப்பிடாத வீடென்றால் அது டாக்டருக்குத் தெரிவது முக்கியம்.
2. டிடிஜி-ஐஜிஏ என்ற ரத்தச் சோதனை எடுப்பார்கள். கூடவே மொத்த ஐஜிஏ அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். ஐஜிஏ பிறவியிலேயே குறைவாக இருப்பவருக்கு முதல் சோதனை தவறாக 'இல்லை' என்று காட்டும்.
3. பெரியவர்களுக்கு அடுத்தது எண்டோஸ்கோபி. சிறுகுடலின் தொடக்கத்திலிருந்து சில துணுக்குகளை எடுத்துப் பயாப்சிக்கு அனுப்புவார்கள்.
4. பயாப்சி எடுத்து முடித்த பிறகுதான் உணவை மாற்றுங்கள்.

ஏற்கெனவே நிறுத்திவிட்டிருந்தால் நீங்களாக மறுபடி சாப்பிட ஆரம்பிக்க வேண்டாம். எவ்வளவு, எத்தனை வாரம் என்பதை டாக்டர் சொல்ல வேண்டும்.

இன்னொரு விஷயம். இந்தியாவின் பல பகுதிகளில் நடந்த பெரிய ஆய்வு ஒன்று, 2016-ல் வெளியானது, வடக்கே நூறு பேரில் ஒருவருக்குச் சற்று மேலும் தெற்கே ஆயிரத்தில் ஒருவருக்கும் இந்த நோய் இருப்பதாகக் கண்டது. நம் பக்கம் அரிது என்பதாலேயே சந்தேகம் எழ நாளாகிறது. வருடக்கணக்கில் இரும்புச் சத்து மாத்திரை விழுங்கியும் ஹீமோகுளோபின் ஏறவில்லை என்றால், "சீலியாக் பார்க்கலாமா டாக்டர்?" என்று நீங்களே கேளுங்கள். கேட்பதில் தவறில்லை.

பெருங்காய டப்பாவை முதலில் எடுங்கள்

கடையில் கிடைக்கும் பெருங்காயத்தில் பெரும்பகுதி கூட்டுப் பெருங்காயம். அசல் பிசினின் காரம் அடுப்படியில் நிற்க விடாது. அதனால் அதோடு கோந்தும் மாவும் சேர்த்தே விற்கிறார்கள். அந்த மாவு பல நேரம் கோதுமை அல்லது மைதா. தூளில் மட்டும்தான் மாவு, கட்டியில் இருக்காது என்று நம்புகிறவர்கள் உண்டு, கட்டியிலும் சேர்ப்பார்கள். டப்பாவைத் திருப்பி, பின்பக்கத்துப் பொடி எழுத்தை வெளிச்சத்தில் பிடித்துப் படியுங்கள். 'வீட் ஃப்ளோர்', 'ரிஃபைன்ட் வீட் ஃப்ளோர்', 'மைதா' என்று இருந்தால் அது உங்களுக்கு ஆகாது.

ஒரு சிட்டிகை ஒரு சட்டி சாம்பாரில் கரைந்தால் ஒருவர் பங்குக்கு வருவது கொஞ்சம்தான். ஆனால் ஒரே நாளில் சாம்பார், ரசம், மோர், வடை, ஊறுகாய், இட்லிப் பொடி என்று எத்தனை சிட்டிகை என்று எண்ணிப் பாருங்கள். அதுவும் தினமும். கோதுமையை அடியோடு விட்டும் ரத்தச் சோதனை இறங்காதவர்கள் வீட்டில் நான் முதலில் பார்க்கச் சொல்வது இந்த டப்பாவைத்தான்.

செய்ய வேண்டியவை:

1. இருக்கும் பெருங்காயத்தை வீட்டிலிருந்து வெளியேற்றுங்கள். மற்றவர்களுக்கு ஒன்று, நோயாளிக்கு ஒன்று என்று இரண்டு வைத்தால் அவசரத்தில் கை மாறும்.
2. அரிசி மாவு சேர்த்து, 'குளூட்டன் ஃப்ரீ' என்று அச்சிட்ட பெருங்காயம் கிடைக்கிறது. அதை வாங்குங்கள்.
3. கிடைக்காத ஊரில் தாளிப்பில் நாலு வெந்தயம், இரண்டு பல் பூண்டு போடுங்கள். வாசனை வேறுதான், ஒரு மாதத்தில் நாக்கு பழகிவிடும்.
4. பழைய பெருங்காயம் போட்டு அரைத்த சாம்பார் பொடி, ரசப்பொடி, பருப்புப்பொடி, வடகம், ஊறுகாய் எல்லாவற்றையும் அக்கம்பக்கத்தில் கொடுத்துவிடுங்கள்.

மாவு மில்

மில்லில் நின்று பார்த்திருப்பீர்கள். ஒருவருடைய ரேஷன் கோதுமை கொட்டி முடியும். கல் ஓடிக்கொண்டிருக்கும்போதே அடுத்தவருடைய அரிசி மேலே விழும். வாயில் கட்டிய துணிக்குழாயை இரண்டு தட்டுத் தட்டுவார்கள், அவ்வளவுதான் சுத்தம். கல்லின் இடுக்கிலும் குழாயிலும் தங்கிய கோதுமை மாவு உங்கள் பாத்திரத்தில் இறங்கும். "காலையில் முதல் ஆளாகப் போய் அரைத்துக்கொள்கிறேன்" என்பது உதவாது. முந்தின நாள் மாவு அங்கேயே இருக்கிறது. கேழ்வரகும் கம்பும் இயற்கையில் குளூட்டன் இல்லாதவை. ஆனால் மில்லுக்குப் போய்த் திரும்பும்போது அப்படியே இருக்கும் என்று சொல்ல முடியாது.

1. தானியத்தை முழுதாக வாங்குங்கள். அரைத்த மாவை, 'குளூட்டன் ஃப்ரீ' முத்திரை இல்லாமல், வாங்காதீர்கள்.
2. தாம்பாளத்தில் பரப்பிப் பொறுக்குங்கள். துவரம்பருப்பிலும் கேழ்வரகிலும் கோதுமை மணி ஒன்றிரண்டு கிடக்கும். நீளமாக, நடுவில் கோடு விழுந்திருக்கும். கண்ணுக்கு நன்றாகவே தெரியும்.
3. மூன்று தண்ணீரில் களைந்து நிழலில் உலர்த்துங்கள்.
4. வீட்டு மிக்சியில் அரைத்து, புதுச் சல்லடையில் சலியுங்கள். நிறைய அரைக்கும் குடும்பமென்றால் வீட்டில் வைக்கும் மாவரைக்கும் மெஷின் ஒன்று வாங்குவது செலவுக்குத் தகும்.

பாத்திரத்தில் எதைக் கழுவலாம், எதை மாற்ற வேண்டும்

எவர்சில்வர், கண்ணாடி, குக்கர் எல்லாம் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினால் போதும். பயந்து புதிதாக வாங்க வேண்டியதில்லை. நுண்துளையும் இடுக்கும் கீறலும் உள்ளவைதான் தொல்லை. இவற்றை நோயாளிக்குத் தனியாக வைத்துச் சிவப்புப் பெயின்டால் ஒரு புள்ளி வையுங்கள்:

1. தோசைக்கல். சப்பாத்தி சுட்ட இரும்புக்கல்லில் நோயாளிக்குத் தோசை வார்க்கக் கூடாது.
2. சல்லடை. துளைகளில் ஒட்டிய மாவு எவ்வளவு கழுவினாலும் முழுதாகப் போகாது.
3. மரக்கரண்டி, பூரிக்கட்டை, பலகை.
4. முறுக்கு அச்சு, இடியாப்ப அச்சு.
5. கீறல் விழுந்த நான்ஸ்டிக் சட்டி, பிரெட் டோஸ்டர்.

பூரி பொரித்த எண்ணெயில் அப்பளம் பொரிக்கக் கூடாது. வடிகட்டினாலும் மாவு எண்ணெயில் இருக்கும். சப்பாத்தி மாவு பிசையும்போது பறக்கும் தூள் திறந்த பாத்திரங்களில் படியும். வீட்டில் மற்றவர்களுக்குச் சப்பாத்தி வேண்டுமானால் நோயாளியின் சமையலை முதலில் முடித்து மூடிவைத்துவிட்டு, அதன் பிறகு மாவுப் பாத்திரத்தைத் திறங்கள். சிறு குழந்தைக்கு நோயென்றால், வீடு முழுவதும் கோதுமையை நிறுத்திவிடுவதே என் யோசனை. அரிசி வீட்டுக்கு அது பெரிய இழப்பில்லை. வேலையும் பாதியாகக் குறையும்.

பாக்கெட்டைப் படிப்பது

இந்தியாவில் 'குளூட்டன் ஃப்ரீ' என்று அச்சிட வேண்டுமானால் ஒரு கிலோவில் குளூட்டன் 20 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. அந்த வாசகம் இல்லாத பொருளில் சேர்மானப் பட்டியலைப் படியுங்கள். அதன் கீழே 'கன்டெய்ன்ஸ் வீட்' என்ற அலர்ஜி வரியையும் பாருங்கள்.

விலக்க வேண்டியவை: ஆட்டா, மைதா, சூஜி, செமோலினா, சம்பா கோதுமை, பார்லி, மால்ட், மால்ட் எக்ஸ்ட்ராக்ட். ஹார்லிக்ஸ், பூஸ்ட், போர்ன்விட்டா போன்ற மால்ட் பானங்கள் இந்தக் கணக்கில் வரும். உடம்பு தேற வேண்டும் என்று நோயாளிக்கு அன்போடு ஆற்றிக் கொடுக்கப்படுவது பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கிறது. சத்துமாவு, ராகி சேமியா, மல்டிகிரெய்ன் பிஸ்கெட், சோயா சாஸ் ஆகியவற்றிலும் கோதுமை இருப்பது வழக்கம். ஓட்ஸ் அதே ஆலைகளில் கோதுமையோடு கலந்துவிடுவதால் முத்திரை இல்லாததைத் தொடாதீர்கள். முத்திரை உள்ளதையும் குடல் தேறிய பின் டாக்டரிடம் கேட்டே தொடங்குங்கள்.

பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாதவை: மோனோசோடியம் குளூட்டமேட், மால்டோடெக்ஸ்ட்ரின், குளூக்கோஸ் சிரப், ஜவ்வரிசி.

தட்டில் என்ன வைப்பது

அரிசி, கேழ்வரகு, கம்பு, சோளம், தினை, சாமை, வரகு, குதிரைவாலி, மக்காச்சோளம், எல்லாப் பருப்பும், காய், பழம், முட்டை, மீன், கறி, தயிர். இட்லி, ஆப்பம், இடியாப்பம், புட்டு, கொழுக்கட்டை, பணியாரம், அடை எல்லாம் வீட்டில் செய்தால் உங்களுடையவை. இந்த நோய் வந்தவருக்கு இவ்வளவு வகை கையில் இருக்கும் சமையல்கள் உலகில் அதிகமில்லை. ஆகவே விலை கூடிய குளூட்டன் இல்லாத பிரெட்டையும் குக்கீஸையும் தேடி அலைய வேண்டாம். வெள்ளரிசியையே மூன்று வேளையும் சாப்பிட்டால் மட்டும் மலச்சிக்கல் வரும். ஒரு வேளை சிறுதானியம், தினம் ஒரு கீரை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பண்டிகைப் பலகாரத்தில் அதிரசம், ஜாங்கிரி, மைசூர்பாகு, லட்டு ஆகியவற்றில் வழக்கப்படி கோதுமை கிடையாது. பாதுஷா, ஜிலேபி, சோமாசு, குலாப் ஜாமுன், கேசரி, சேமியா பாயசம் கூடாது. கடையில் வாங்கினால் முதல் பட்டியலும் நம்பத்தக்கதல்ல. எண்ணெய்ச் சட்டி ஒன்றே.

வெளியே சாப்பிடும்போது

'சீலியாக்' என்றால் ஓட்டலில் யாருக்கும் புரியாது. பரிமாறுபவரிடம் சொல்வதைவிட மாஸ்டரிடமே சொல்லுங்கள்: "அண்ணே, கோதுமை, மைதா, ரவை கொஞ்சம் பட்டாலும் எனக்கு உடம்பு படுத்திரும். இட்லி மாவுல வேற ஏதாவது சேர்ப்பீங்களா? சட்னி தாளிக்கறப்ப பெருங்காயம் போட்டாச்சா?" மறைக்காமல் சொல்வார்கள். ஆவியில் வெந்த இட்லி, தாளிக்காத தேங்காய்ச் சட்னி, வெறும் சோறு, கெட்டித் தயிர், வாழைப்பழம் இவற்றை ஓரளவு நம்பலாம். தோசை வேண்டாம், அந்தக் கல்லில் ரவா தோசையும் பரோட்டாவும் போகும். சாம்பார் வேண்டாம்.

கல்யாணப் பந்தியில் இலையில் எல்லாம் ஒன்றோடொன்று ஓடிவரும். வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டுப் போங்கள். பந்தியில் உட்கார்ந்து சோறும் தயிரும் பழமும் மட்டும் வாங்குங்கள். வற்புறுத்தும் அத்தையிடம் நோயின் பெயரைச் சொல்லி விளக்கிக்கொண்டிருக்காமல், "டாக்டர் கண்டிப்பா சொல்லிருக்கார் அத்தை, இன்னொரு நாள் வீட்டுக்கு வந்து உங்க கையால சாப்பிடுறேன்" என்றால் விட்டுவிடுவார்கள்.

பள்ளிக் குழந்தையென்றால் ஆசிரியரிடம் டாக்டர் சீட்டின் நகலைக் கொடுங்கள். அரசுப் பள்ளிகளின் காலை உணவுத் திட்டத்தில் ரவை, சேமியா, கோதுமை ரவை உப்புமாவும் கிச்சடியும் வரும். சமையல் செய்யும் அக்காவிடம் நேரில் போய்ச் சொல்லி, வீட்டு டிபனை அனுமதிக்கக் கேளுங்கள். விளையாட்டு மாவிலும் கோதுமை உண்டு. குழந்தை கையை வாயில் வைக்கும்.

தேவாலயம் போகிறவர்களுக்கு நற்கருணை அப்பம் கோதுமையால் ஆனது. பங்குத்தந்தையிடம் பேசினால் திராட்சை இரசத்தை மட்டும் பெறலாம். அப்பத் துணுக்கு போடாத தனிக் கிண்ணமாகக் கேளுங்கள்.

எச்சரிக்கை: மாத்திரைகளில் சேரும் மாவுச்சத்து பெரும்பாலும் மக்காச்சோளத்திலிருந்து வருவது. இருந்தாலும் தினமும் விழுங்கும் மருந்தென்றால் மருந்தாளுநரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். நீங்களாக எந்த மருந்தையும் நிறுத்தாதீர்கள்.

தேறும் மாதங்களில் தொல்லைகளைச் சமாளிப்பது

உப்புசமும் போக்கும் சில வாரங்களில் குறையத் தொடங்கும். குடல் முழுதாக ஆறப் பெரியவர்களுக்கு இரண்டு வருடமும் ஆகலாம். குழந்தைகள் சீக்கிரம் தேறுவார்கள்.

பால் குடித்ததும் வயிறு பொருமினால், காயப்பட்ட குடலில் பால் சர்க்கரையைச் செரிக்கும் நொதி குறைந்திருக்கிறது என்று பொருள். சில வாரம் பாலை நிறுத்தி மோர், தயிர் மட்டும் எடுங்கள். குடல் ஆறியதும் பெரும்பாலும் பால் மறுபடி ஒத்துக்கொள்ளும்.

இரும்புச் சத்து மாத்திரையை எலுமிச்சைச் சாறோடு எடுங்கள். காபி, டீ இரண்டு மணி நேரம் தள்ளியே இருக்கட்டும். கால்சியம் மாத்திரையையும் அதே வேளையில் சேர்க்காதீர்கள்; ஒன்றையொன்று தடுக்கும்.

முழங்கை, முழங்கால், பிட்டத்தில் கொப்புளமும் தாங்க முடியாத அரிப்பும் இருந்தால் அதுவும் இந்த நோயின் முகமே. தோல் மருத்துவரைப் பாருங்கள். உணவு மாற்றத்தால் அது ஆற மாதங்கள் ஆகும் என்பதால் இடைக்காலத்துக்கு மாத்திரை தருவார்.

தெரியாமல் உள்ளே போய்விட்டால்

1. வாந்தி எடுக்க முயல வேண்டாம். முறிப்பதற்கு மருந்து கிடையாது. 'குளூட்டனைச் செரிக்கும்' என்று விற்கும் நொதி மாத்திரைகளை நம்பிச் சாப்பிடுவதும் ஆபத்து.
2. ஓஆர்எஸ் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். நொய்க் கஞ்சி, உப்புப் போட்ட மோர், வாழைப்பழம் போதும்.
3. எங்கே, எதைச் சாப்பிட்டீர்கள், எத்தனை மணி நேரத்தில் தொல்லை வந்தது என்று அன்றே எழுதி வையுங்கள். மூன்றாவது முறை எழுதும்போது காரணம் தானே வெளிப்படும்.
4. மலத்தில் ரத்தம், நிற்காத வாந்தி, தலைசுற்றல், சிறுநீர் குறைவு, குழந்தை துவண்டு போவது இவற்றில் ஒன்று இருந்தாலும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

தொல்லை வராததால் ஒன்றும் ஆகவில்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பலருக்கு வெளியே ஒன்றும் தெரியாமலே குடல் உள்ளே கெடும். அதனால்தான் அடுத்த பகுதி.

எப்போது, என்ன சோதனை

6 மாதத்திலும் 12 மாதத்திலும் டிடிஜி பார்க்க வேண்டும். பிறகு வருடம் ஒருமுறை. அதோடு ஹீமோகுளோபின், இரும்பு, பி12, ஃபோலேட், வைட்டமின் டி, தைராய்டு. பெரியவர்களுக்கு எலும்பு அடர்த்தி எப்போது பார்ப்பதென்று டாக்டரிடம் கேளுங்கள்.

டிடிஜி இறங்கவில்லை, அல்லது ஒரு வருடமாகியும் தொல்லை நீடிக்கிறது என்றால் இந்த வரிசையில் தேடுங்கள். முதலில் பெருங்காயம், மில் மாவு, பொடி வகைகள். பிறகு தோசைக்கல், எண்ணெய். அதன் பிறகு வெளிச் சாப்பாடு. மூன்றும் சுத்தமென்று உறுதியானால் பால், குடலில் பாக்டீரியா பெருக்கம், கணையச் சுரப்புக் குறைவு போன்ற வேறு காரணங்களை டாக்டர் பார்ப்பார். முதல் மூன்றைத் தேடாமல் நேரே கடைசிக்குத் தாவினால் வீண் எண்டோஸ்கோபிதான் மிச்சம்.

ஒருவருக்கு உறுதியானால் அவருடைய பெற்றோர், உடன்பிறந்தார், பிள்ளைகள் எல்லோரும், தொல்லை இல்லாவிட்டாலும், டிடிஜி பார்த்துக்கொள்ள வேண்டும். இவர்களில் சுமார் பத்தில் ஒருவருக்கு இது இருக்க வாய்ப்புண்டு. வீட்டில் கோதுமையை நிறுத்துவதாக இருந்தால், அதற்கு முன்பே எல்லோருடைய ரத்தத்தையும் கொடுத்துவிடுங்கள். குழந்தைக்கு இன்று 'இல்லை' என்று வந்தாலும் சில வருடம் கழித்து வரலாம். அடுத்த சோதனை எந்த வயதில் என்று டாக்டரிடம் கேட்டு, தடுப்பூசி அட்டையிலேயே எழுதிவையுங்கள்.